அம்பாந்தோட்டையில் கப்பல் நிற்கும் ஒரு பகலில் எந்தக் காட்டுக்குப் போகலாம்?

திருநகரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. ஜூலை மாதம் சென்னையில் கப்பல் ஏறி இலங்கைக்குப் போய்வர முன்பதிவு செய்திருக்கிறீர்கள். கப்பல் காலை 8 மணிக்கு அம்பாந்தோட்டையில் அணைந்து மாலை 5 மணிக்குப் புறப்படும். உங்கள் இருவருடன் எழுபது வயதைத் தாண்டிய மாமனார் மாமியாரும், எட்டு வயது மகனும் வருகிறார்கள். கப்பல்காரர்களே விற்கும் யால தேசியப் பூங்கா சஃபாரிக்குப் பணம் கட்டுவதா, வெளியில் ஜீப் பேசிக்கொண்டால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்று உங்கள் கொழுந்தனார் சொல்வதைக் கேட்பதா என்பது கேள்வி. மதுரையிலிருந்து இலங்கைக்குக் குடும்பங்களை அனுப்பிவைக்கும் தொழிலில் நெடுநாள் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன். படிக்க நேரமில்லை என்றால் இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பயணத்தில் யாலயை விட்டுவிடுங்கள், வெளியில் ஜீப் பேசிக்கொண்டு பூந்தல தேசியப் பூங்காவுக்குப் போங்கள், யானைக் கூட்டம் பார்த்தே தீர வேண்டும் என்றால் உடவளவைப் பூங்காவுக்குப் போங்கள், ஆனால் அங்கே கப்பல் ஏற்பாட்டில் மட்டும் போங்கள்.

முதலில் நேரக் கணக்கு. எந்தக் காடு என்பதை உங்கள் ஆசையைவிடக் கடிகாரம்தான் தீர்மானிக்கப் போகிறது. எட்டு மணிக்கு அணையும் கப்பலிலிருந்து எட்டு மணிக்கே இறங்க முடியாது. கயிறு கட்டி, ஏணிப்பாலம் இறக்கி, இலங்கைக் குடிவரவு அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகே பயணிகளை விடுவார்கள். அதிலும் கப்பலின் சொந்தச் சுற்றுலாவுக்குச் சீட்டு எடுத்தவர்களை முதலில் இறக்குவதுதான் வழக்கம். தாமாகப் போகிறவர்களின் முறை அதற்குப் பிறகு வரும். அம்பாந்தோட்டை, கடற்கரைச் சாலையை ஒட்டிய சிறு துறை அன்று. கார்களைக் கப்பல் மாற்றி ஏற்றி இறக்கும் பெரிய சரக்குத் துறைமுகம். அங்கே கப்பல் நிற்கும் இடத்திலிருந்து வெளிவாசலைத் தாண்டவே நேரம் பிடிக்கும். ஆக, நீங்கள் வண்டியில் உட்காரும்போது மணி ஒன்பதே கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 5 மணிக்குப் புறப்பாடு என்றால், எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய கெடு பெரும்பாலும் நான்கு மணியாக இருக்கும். டயர் பஞ்சர், சாலையில் மாட்டு மந்தை, பெரியவர்களுக்காக நிறுத்தும் இடைநிறுத்தம் என்று ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, மூன்று மணிக்கு வாசலில் நிற்க வேண்டும் என்று திட்டமிடுவதே நல்லது. கையில் மிஞ்சுவது ஐந்தே முக்கால் மணி நேரம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால், சிங்கப்பூர், பினாங்கு பக்கம் போகும் கப்பல்களில் வருகிற கப்பல் நேரம், ஊர் நேரம் என்ற குழப்பம் மட்டும் உங்களுக்கு இல்லை.

இரண்டாவது சிக்கலை விளம்பரத் தாளில் யாரும் எழுத மாட்டார்கள். கப்பல் உங்களுக்குக் கொடுக்கும் பகல், விலங்குகள் நடமாடும் பகல் அன்று. இலங்கையின் தேசியப் பூங்காக்களில் காலை 6 மணிக்கு வாசல் திறக்கிறது, மாலை 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். காட்டை அறிந்தவர்கள் முதல் மூன்று மணி நேரத்துக்கும் கடைசி மூன்று மணி நேரத்துக்கும்தான் பணம் கட்டுவார்கள். பத்தரையிலிருந்து இரண்டு வரை சிறுத்தை, கரடி, மிளா எல்லாம் நிழலில் ஒதுங்கிவிடும். அந்த வெயில் நேரத்தில் திறந்த வெளிக்கு வருபவை, நீரைத் தேடும் யானையும் எருமையும், கரையில் வாய் பிளந்து கிடக்கும் முதலையும், நீர்ப்பறவைகளும்தான். ஆகவே கப்பல் பயணிக்கு ஏற்ற காடு என்பது நீர்நிலை உள்ள காடு.

இந்தக் கணக்கில் யால எங்கே நிற்கிறது? 1900-இல் வனவிலங்குப் புகலிடமாகவும் 1938-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். பரப்பு சுமார் 979 சதுர கிலோமீட்டர். அதை ஐந்து பகுதிகளாகப் பிரித்திருந்தாலும், பெரும்பாலானோர் போவது பலடுபான வாசல் வழியாக நுழையும் முதல் பகுதிக்குத்தான். சிறுத்தை அடர்த்தியில் உலகில் முன்னணியில் வைத்துப் பேசப்படும் காடு அது. காரணமும் எளிது: இலங்கையில் புலி இல்லை, சிங்கம் இல்லை, செந்நாய்க் கூட்டமும் இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் சிறுத்தை புலிக்கும் செந்நாய்க்கும் பயந்து மறைந்து வாழ்கிறது. அங்கே அதை விரட்ட ஆளில்லாததால் காலையிலும் மாலையிலும் வெளிச்சம் இருக்கும்போதே பாறை மேலும் மரக்கிளையிலும் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும். ஜூலை மாதத்தில் இன்னொரு சிறப்பு உண்டு. பாலை மரங்கள் பழுக்கும் பருவம் என்பதால், மற்ற மாதங்களில் கண்ணில் படாத கரடிகள் மரமேறிப் பழம் தின்பதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். இவ்வளவு நல்ல காட்டை ஏன் விடச் சொல்கிறேன்?

போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்பதே காலுக்குக் கிளம்பி, வழியில் ஜீப்புக்கு மாறி, வாசலில் அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே நுழையும்போது பதினொன்றை நெருங்கிவிடும். ஒன்றரைக்கு வெளியே வந்தாக வேண்டும். அந்த இரண்டரை மணி நேரமும் உச்சி வெயில். அதற்குள் யாரோ ஓர் ஓட்டுநர் சிறுத்தையைக் கண்டதாகச் சொன்னால், அத்தனை ஜீப்புகளும் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரே இடத்துக்குப் பறக்கும்; முன்னால் இருபது வண்டி, பின்னால் இருபது வண்டி, நடுவே புதருக்குள் ஒரு வால் நுனி. கப்பல் பயணிகளை ஏற்றிய ஓட்டுநர்களுக்கு நேரம் குறைவு என்பதால் அவசரம் இன்னும் கூடும். யால ஜீப்பின் பின்பக்கம், இரும்புப் படியில் கால் வைத்து ஏற வேண்டிய உயரமான இருக்கைகள் கொண்டது. உள்ளே சாலை மேடும் பள்ளமுமாக இருப்பதால் இருக்கையை விட்டு உடம்பு எழும்பி எழும்பி விழும். முழங்கால் வலியும் இடுப்பு வலியும் உள்ளவர்களை அதில் இரண்டரை மணி நேரம் உட்கார வைப்பது சரியில்லை. யாலவுக்கு மனம் வைத்திருந்தால் தனியாக ஒரு முறை போங்கள்: மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேர விமானப் பயணம்தான், தெற்கு அதிவேகச் சாலை 2020 முதல் அம்பாந்தோட்டைப் பக்கம் வரை வந்துவிட்டது, திஸ்ஸமகாராமையில் இரண்டு இரவு தங்கி, விடியற்காலை வாசலில் முதல் ஆளாக நிற்கலாம். வறட்சியை முன்னிட்டு முதல் பகுதியைச் செப்டம்பரிலிருந்து அக்டோபர் நடுவரை மூடிவிடுவது வழக்கம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உடவளவை வேறு கதை. வளவை ஆற்றில் அணை கட்டியபோது இடம் இழந்த விலங்குகளுக்காக, நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா அது. சுமார் 308 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி புல்வெளி என்பதால் யானை மரத்துக்குப் பின்னால் மறைய வழியில்லை. தேக்கடியில் படகில் உட்கார்ந்து எதிர்க்கரையில் கரும்புள்ளியாகத் தெரிவதை யானை என்று பிள்ளைகளுக்குக் காட்டிய நமக்கு, ஜீப்புக்குப் பக்கத்திலேயே புல்லைக் காலால் கிளறி, தும்பிக்கையால் சுருட்டி, முழங்காலில் அடித்து மண்ணை உதறி வாயில் போடும் யானையைப் பார்ப்பது புது அனுபவமாக இருக்கும். நடுப்பகலிலும் கூட்டம் நீருக்கு இறங்கும். நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கி வெளுத்துப்போன மரங்கள் இன்னும் நிற்கின்றன; அவற்றின் மேல் கழுகும் நீர்க்காகமும் உட்கார்ந்திருக்கும். ஒன்றை முன்கூட்டியே உங்கள் மகனிடம் சொல்லிவையுங்கள்: நம் பக்கத்துக் காடுகளில் ஆண் யானை என்றால் பெரும்பாலும் கொம்பன்தான், கொம்பில்லாத ஆணான மக்னா அரிது, இலங்கையில் தலைகீழ். அங்கே ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு இருப்பதில்லை. தெரியாமல் போகிறவர்கள், வந்ததெல்லாம் பெண் யானைகள் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

பூங்காவுக்கு அருகிலேயே வனவிலங்குத் துறை 1995 முதல் நடத்திவரும் யானைக் குட்டிகள் காப்பகம் இருக்கிறது. கிணற்றில் விழுந்தவை, துப்பாக்கிச் சூட்டில் தாயை இழந்தவை, கூட்டத்தைப் பிரிந்தவை என வந்து சேரும் குட்டிகளுக்குப் பாலூட்டி வளர்த்து, சுமார் ஐந்து வயதானதும் கூட்டாகக் காட்டில் விடுகிறார்கள். பால் நேரத்தில் கதவைத் திறந்துவிட, நான்கைந்தாகக் குட்டிகள் ஓடிவரும். கம்பித் தடுப்பின் மேல் ஓர் ஆள் புனல் பிடித்திருப்பார். புனலில் மாட்டிய குழாயை வாயில் வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றும் தன் பங்கைக் குடித்து முடித்ததும், பராமரிப்பவர் தட்டி அனுப்பிவிடுவார். சில குட்டிகள் போகாமல் அடம்பிடித்து, அடுத்த குட்டியின் குழாயைத் தும்பிக்கையால் இழுக்கும். பார்வையாளர்கள் தள்ளி இருக்கும் படிகளில் உட்கார்ந்து பார்க்கலாம். தொடவோ தீனி கொடுக்கவோ முடியாது, மனிதரோடு பழகிவிட்டால் காட்டில் விட முடியாது என்பதே காரணம். கோயில் யானையிடம் ஆசி வாங்கிப் பழகிய பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல இடம் இல்லை. பாலூட்டுவது குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் என்பதால், அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்கேற்பப் போக வேண்டும்.

உடவளவையின் ஒரே குறை தூரம். அம்பாந்தோட்டையிலிருந்து எம்பிலிப்பிட்டிய வழியாக ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்; போக வர மூன்று மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். மிச்சமுள்ள இரண்டே முக்கால் மணி நேரத்தில் சஃபாரி, குட்டிகள் காப்பகம், மதியச் சாப்பாடு மூன்றும் அடங்காது. எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால்தான் இதற்குக் கப்பல் ஏற்பாடே சரி என்கிறேன். கப்பலின் சொந்தச் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது தன் செலவில் உங்களை அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த நிறுத்தம் திருகோணமலை என்றால், தீவின் தென்கரையிலிருந்து கிழக்குப் பக்கமாக ஏறிப் போய் அதைப் பிடிக்க ஒரு நாள் முழுவதும் சாலையில் கழியும். மருந்து மாத்திரை கப்பல் அறையில், பெரியவர்கள் சாலையில் என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். உங்கள் கொழுந்தனார் சொல்லும் பாதிச் செலவு அங்கே மறைந்துவிடும்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அது பூந்தலவுக்குப் பொருந்தும். கப்பல்காரர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். வெளியில் ஜீப்புக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள், ஒரு ஜீப்பில் ஆறு பேர் உட்காரலாம். ஐந்து பேர் கொண்ட உங்கள் குடும்பத்துக்கு ஒரு முழு ஜீப் தாராளமாகப் போதும். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பெரியவர்களுக்கு முடியவில்லை என்றால் அப்போதே திரும்பலாம். திஸ்ஸமகாராமை போகும் சாலையில் வெலிகத்தவில் திரும்பினால் பூந்தல வந்துவிடும். அரை மணி நேரத்துக்குச் சற்று கூடுதல் ஆகலாம். சுமார் 62 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் உள்ளே களப்புகள் எனப்படும் நான்கைந்து கடற்கழிகள், உப்பளங்கள், முள்காடு, மணல்மேடு, அதற்கப்பால் கடல் என்று நிலம் மாறிக்கொண்டே போகும். 1990-இல் இலங்கையின் முதல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 1993-இல் தேசியப் பூங்கா ஆனது. பூநாரை பார்க்கலாம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். ஜூலையில் அதை நம்பிப் போகாதீர்கள். வலசைப் பறவைகள் வருவது செப்டம்பருக்குப் பிறகு. ஆனால் மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா, மயில் ஆகியவை அங்கேயே இருப்பவை. நன்னீர் முதலை, உவர்நீர் முதலை இரண்டும் ஒரே பூங்காவில் உள்ள இடம் அது. சில சமயம் களப்பின் ஓரத்தில் தனியாக ஓர் ஆண் யானை நிற்கும். வராவிட்டால் ஏமாந்துபோக வேண்டாம். ஜீப் நெரிசல் இல்லை, பாதி நாளில் முடிந்துவிடும், பன்னிரண்டரைக்கெல்லாம் வெளியே வந்து நிதானமாகச் சாப்பிடலாம். அந்தப் பக்கத்துச் சாலையோரக் கடைகளில் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்பார்கள்; அதன்மேல் கித்துள் பாணி என்னும் பனைவகைப் பாகு ஊற்றித் தருவார்கள். ஜிகர்தண்டா குடித்து வளர்ந்த நாக்குக்கும் அது பிடிக்கும்.

ரிதியகம சஃபாரி பூங்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வாடகை வண்டிக்காரர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 2016-இல் திறந்தது, சுமார் 500 ஏக்கரில் வேலியிட்டு, சிங்கம், வங்கப் புலி போன்றவற்றைப் பகுதி பகுதியாக விட்டு, கம்பி அடித்த பேருந்தில் சுற்றிக் காட்டுகிறார்கள். துறைமுகத்துக்கு அருகில், உடம்பு நோகாது, விலங்கு கண்ணில் படுவது உறுதி. ஆனால் அது காடு அன்று, பெரிய அளவிலான விலங்குக் காட்சிசாலை. வண்டலூருக்குப் போய்வந்த பிள்ளைக்கு அதற்காக இலங்கை வரை போக வேண்டியதில்லை. மழை பெய்தாலோ, பெரியவர்கள் ஜீப்பில் ஏறவே முடியாது என்றாலோ மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கப்பல் ஏறிய அன்றே உங்கள் மாமியார் கேட்பார்: கதிர்காமம் பக்கத்தில்தானே இருக்கிறது? பக்கத்தில்தான் இருக்கிறது; யாலவுக்குப் போகும் சாலையிலேயே திஸ்ஸமகாராமை வரை போய்ப் பிரிய வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அருணகிரிநாதர் பாடிய தலம், திருப்பரங்குன்றத்தை அடுத்துக் குடியிருப்பவர்களிடம் அதைத் தவிர்க்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கோயிலையும் சஃபாரியையும் ஒரே பகலில் திணித்தால் இரண்டும் ஓட்டமும் நடையுமாக முடியும். முற்பகல் பூசை பத்தரை மணிக்கு. ஒன்பதே காலுக்குப் புறப்படும் வண்டியில் அதைப் பிடிப்பது கடினம். மேலும் ஜூலை ஆடிவேல் திருவிழாவை ஒட்டிய காலம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் குமண, யால காடுகளின் வழியே நடந்தே வரும் பாதயாத்திரைக்காரர்களும், தீவெங்கிலுமிருந்து பேருந்துகளில் வருபவர்களுமாக அந்தச் சாலை நிறைந்திருக்கும். உங்கள் கப்பல் நாள் திருவிழா நாட்களில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் கதிர்காமத்தைத் தனிப் பயணத்துக்கு வைப்பதே நல்லது. விழாவிட்டால், உங்கள் வீட்டுக்காரரும் மகனும் பூந்தலவுக்கும், நீங்கள் பெரியவர்களுடன் கதிர்காமத்துக்கும் என்று இரண்டு வண்டியாகப் பிரிவது, எல்லோரையும் ஒரே ஜீப்பில் அடைப்பதைவிட நிம்மதி தரும்.

வெளியில் வண்டி பேசும்போது ஓட்டுநரிடம் கப்பல் புறப்படும் நேரத்தைச் சொல்லாதீர்கள். ஏற வேண்டிய கெடுவைச் சொல்லுங்கள், அதையும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லுங்கள். அம்பாந்தோட்டைப் பக்கம் சிங்களமே பெரிதும் புழக்கம். தமிழ் தெரிந்த ஓட்டுநர் வேண்டுமென்றால் முன்பே கேட்டால்தான் கிடைப்பார். கட்டணத்தில் பூங்கா நுழைவுச் சீட்டு சேர்ந்ததா, துறைமுக வாசலிலிருந்தா அல்லது பூங்கா வாசலிலிருந்தா ஜீப் வரும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். தகராறு வருவது எப்போதும் இந்த இரண்டில்தான். கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தாலும் அதன் நகலும், கப்பல் அட்டையும், பெரியவர்களின் ஒரு நாள் மாத்திரையும் கையில் இருக்கட்டும். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகும் எண்ணமிருந்தால் விட்டுவிடுங்கள். சமைத்த உணவைக் கப்பலுக்குள் பொதுவாக அனுமதிப்பதில்லை, கப்பல் உணவைக் கரைக்கு எடுத்துப் போகவும் விட மாட்டார்கள். உறை பிரிக்காத பிஸ்கட் போதும்.

ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும்; சென்னைக் கரையைவிட இலங்கையின் தென்கரையில் கடல் கொந்தளிப்பு கூடுதலாக இருக்கும். முதல் நாள் இரவு தூங்காமல் வாந்தி எடுத்தவரை மறுநாள் ஜீப்பில் ஏற்றக் கூடாது. எனவே குமட்டல் மாத்திரையைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு. பையனுக்கு ஓர் எளிய 8×42 பைனாகுலர் வாங்கிக் கொடுத்து, போகும் முன் சில ஞாயிற்றுக்கிழமைகளில் சாமநத்தம் கண்மாய்க்கோ அரிட்டாபட்டிக்கோ கூட்டிப்போய்ப் பழக்குங்கள். பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பறவையைத் தேடிப் பிடிப்பது ஒரு கைப்பழக்கம். ஆடும் ஜீப்பில் அதைக் கற்க முடியாது.

கடைசியாக ஒரு நிபந்தனை. கடல் சரியில்லை என்றால் கப்பல் தலைவர் அம்பாந்தோட்டையில் அணையாமலே போகலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. அப்படிப் போனால் கப்பல் ஏற்பாட்டுச் சுற்றுலாவின் பணம் திரும்ப வரும். வெளியில் கொடுத்த முன்பணம் அப்படித் தானாக வராது. ஆகவே முன்பணத்தை மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காமல், கப்பல் அணையாவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதை இப்போதே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கிவிடுங்கள்.